சாட்சியில்லாத செலவு

எங்கள் தெருவுக்குக் கீரை கொண்டுவரும் அம்மாவிடம் நான் பேரம் பேசாமல் வாங்கியதே கிடையாது. கட்டு 20 ரூபாய் என்றால் 15-க்குக் கேட்பேன். படியாவிட்டால் வீட்டுக்குள் போவதுபோல் திரும்புவேன். அவர் கூடையைத் தலையில் ஏற்றுவதற்குள் கூப்பிட்டு 17-க்கு முடிப்பேன். கொசுறாக ஒரு கொத்து கறிவேப்பிலையும் வந்துவிடும். ஆட்டோக்காரர், செருப்புத் தைக்கும் பெரியவர், பழைய பேப்பர் எடுப்பவர் என்று எல்லோரிடமும் இதே கதைதான். மதுரையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் ரொம்ப வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். ‘காசை எண்ணிச் செலவு பண்ணுகிற ஆள்’ என்று அங்கே எனக்குப் பெயர். புதிதாகச் சேரும் பையன்களிடம், “சாரைப் பாத்துக் கத்துக்கங்கப்பா” என்பார் முதலாளி. நான் ஒருநாளும் மறுத்ததில்லை.

அந்தப் பெயருக்கு நான் லாயக்கில்லை என்பதைத்தான் இங்கே எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கீரைக்காரம்மாவை 3 ரூபாய்க்காக வெயிலில் நிறுத்திய அதே ஆள், ராத்திரி 11 மணிக்கு மேல் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, முகம் தெரியாத யாரோ ஒரு வியாபாரி சொன்ன விலையை அப்படியே கொடுத்துவிட்டுத் தூங்குவான். அந்த வியாபாரி எந்த ஊர், பொருள் எங்கே செய்தது, ஒன்றும் கேட்கமாட்டான். என் மனைவி ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். அவளுக்கு நைட் டியூட்டி விழும் நாட்களில்தான் இது பெரும்பாலும் நடக்கும். ஏன் அந்த நாட்களில் என்று ரொம்ப காலம் நான் யோசிக்கவே இல்லை. யோசிக்காமல் இருப்பது வசதியாக இருந்தது.

எனக்குப் பொருளாசை அதிகம் என்று நினைத்துவிடாதீர்கள். நல்ல சட்டை, நல்ல போன், நல்ல சாப்பாடு எதிலும் பெரிய பிடிப்பு கிடையாது. என்னை வீழ்த்துவது மலிவு. 6,999 ரூபாய் என்று போட்டு, அதன் குறுக்கே ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் 2,799 என்று எழுதியிருந்தால் போதும். மீதி 4,200 ரூபாயை என் மனசு அந்தக் கணமே வரவில் எழுதிக்கொள்ளும். செலவழிக்காத காசை வரவாகக் காட்டிக் கட்சிக்காரர் யாராவது பேரேடு கொண்டுவந்தால் தூக்கி மேஜையில் போட்டிருப்பேன். என் சொந்தப் பேரேடு முழுக்க அந்த ரகம்தான். வாங்கினேன் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. ஒவ்வொரு தடவையும் மிச்சம் பிடித்தேன் என்றுதான் தோன்றியது. ஊதாரித்தனத்துக்குச் சிக்கனத்தின் சட்டையை மாட்டிவிட்டால் அதை அடையாளம் கண்டுபிடிப்பது கஷ்டம். சட்டையை மாட்டியவனுக்கு இன்னும் கஷ்டம்.

அந்த 2,799 ரூபாய்ப் பொருள் ஒரு டிரில்லிங் மெஷின். நாங்கள் இருப்பது வாடகை வீடு. சுவரில் ஒரு ஆணி அடிக்கக்கூடாது என்பது வீட்டுக்காரர் போட்ட முதல் நிபந்தனை. காலண்டரைக்கூட ஜன்னல் கம்பியில்தான் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். பதின்மூன்று விதமான முனைகளோடு அந்த மெஷினை வாங்கினேன்.

இப்படியே ஒரு ரொட்டி மேக்கர் வந்தது. என் மனைவி தோசைக்கல்லில்தான் சப்பாத்தி போடுவாள். கரண்ட் போனால் எரியும் பல்புகள் டஜன் கணக்கில் வந்தன. கைவலிக்கு ஒன்று, கழுத்துவலிக்கு ஒன்று என்று பிடித்துவிடும் கருவிகள் வந்தன. டெலிவரி சார்ஜ் 40 ரூபாயைத் தவிர்க்க 300 ரூபாய்க்கு இன்னொரு பொருளைச் சேர்த்து வாங்கியது பலமுறை. ஒரு தடவை சாக்ஸ் சேர்த்தேன். நான் செருப்புப் போடுகிற ஆள்.

பார்சல் எல்லாம் ஆபீஸ் முகவரிக்கு வரும். சின்னதாக இருந்தால் சாப்பாட்டுப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவேன். பெரியதாக இருந்தால் அவள் டியூட்டிக்குப் போன நேரம் பார்த்து வண்டியில் வைத்துக் கொண்டுவந்து பரணில் ஏற்றிவிடுவேன். அட்டைப்பெட்டியைக் கிழித்து ஆபீஸ் குப்பையிலேயே போட்டுவிடுவேன். தவறு செய்கிறோம் என்று தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. தெரியாதவன் அட்டைப்பெட்டியைக் கிழித்துப் போடமாட்டான்.

என் சின்ன வயசில் மேலூரில் எங்கள் வீட்டுக்கு ஒரு அண்ணாச்சி கடை இருந்தது. நீளவாக்கில் ஒடுக்கமாக ஒரு நோட்டு. அம்மா அதை என் கையில் கொடுத்து அனுப்பும். அண்ணாச்சி சாமானைக் கட்டிக்கொண்டே அதில் எழுதுவார். அப்பாவுக்குச் சம்பளம் வந்ததும் கணக்குத் தீரும். அதுவும் கடன்தான். ரொக்கம் கொடுப்பவருக்கு ஒரு விலை, நோட்டுக்காரர்களுக்கு ஒரு விலை; அதில் அண்ணாச்சி காலணா விட்டுக்கொடுத்ததில்லை. ஆனால் ஒரே மாசத்தில் இரண்டாவது தடவை நெய் கேட்டுப் போனால், “என்னடே, வீட்டுக்கு விருந்தாளி வந்துருக்காகளா?” என்று கேட்பார். கடையில் நிற்கிற நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். நான் வீட்டில் வந்து சொல்வேன். அடுத்த நெய் அடுத்த மாசம்தான் வரும்.

அந்தக் காலத்தை ஏற்றிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அம்மாவின் சிக்கனத்தில் முள் இருந்தது. கண் மங்கிய பிறகும் கண்ணாடி வாங்காமல் ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிட்டுக்கொண்டே காலத்தை ஓட்டியது. அது பெருமைப்பட வேண்டிய விஷயமில்லை. நான் சொல்ல வருவது வேறு. அன்றைக்கு ஒரு ரூபாய் வீட்டைவிட்டு வெளியே போகவேண்டுமென்றால் நாலு பேர் கண்ணில் பட்டுத்தான் போயாக வேண்டும். வாங்கப் போகிற பையனுக்குத் தெரியும், கடைக்காரருக்குத் தெரியும், பக்கத்தில் நிற்கிற அத்தைக்குத் தெரியும், நோட்டைப் பார்க்கிற அப்பாவுக்குத் தெரியும். என் செலவுக்கு ஒரு சாட்சியும் இல்லை. என் கட்டைவிரல் ஒன்றைத் தவிர.

2016 ஏப்ரலில் யூ.பி.ஐ. அறிமுகமானபோது எங்கள் ஆபீஸில் அதை வரவேற்றவர்களில் நானும் ஒருவன். எல்லாம் பதிவாகும், கணக்கு எழுதுவது சுலபம் என்று கட்சிக்காரர்களுக்குப் பாடம் எடுத்தேன். 2025 ஆகஸ்டில் நாடு முழுவதும் ஒரே மாதத்தில் நடந்த யூ.பி.ஐ. பரிவர்த்தனைகள் 2,000 கோடியைத் தாண்டிவிட்டன. கீரைக்காரம்மாவும் கூடைக்குள் க்யூ.ஆர். அட்டை வைத்திருக்கிறார். பதிவாகும் என்று நான் சொன்னது பொய்யில்லை. பதிவாகியிருப்பதை நான் பார்க்காமல் இருப்பேன் என்பதுதான் எனக்குத் தெரியாமல் போனது. வங்கியிலிருந்து வரும் எஸ்.எம்.எஸ்.ஸைத் திறக்காமலே தள்ளிவிடுவதில் தேர்ச்சி பெற்றேன். தானாகக் கழியும் சந்தாவுக்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வரவேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதி 2021 அக்டோபரிலிருந்து கறாராக அமலில் இருக்கிறது. யோகா சொல்லித்தரும் ஒரு செயலிக்காக எனக்கு அந்தத் தகவல் மாதாமாதம் ஒழுங்காக வந்தது. நான் மாதாமாதம் ஒழுங்காகத் தள்ளிவிட்டேன். யோகா செய்தது முதல் வாரம் மட்டும்.

கையிலிருந்து நோட்டாகப் போகும்போது உறைக்கிற மாதிரி மற்ற வழிகளில் போகும்போது உறைப்பதில்லை என்பதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். டிராஸன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் என்ற இரண்டு எம்.ஐ.டி. பேராசிரியர்கள் 2001-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்களிடம் கூடைப்பந்து ஆட்டத்தின் டிக்கெட்டை ஏலத்துக்கு வைத்தார்கள். ரொக்கமாகக் கட்டவேண்டும் என்று சொல்லப்பட்டவர்கள் கேட்ட தொகையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கை, கிரெடிட் கார்டில் கட்டலாம் என்று சொல்லப்பட்டவர்கள் கேட்டார்கள். இதைப் படித்தபோது எனக்கு வெட்கம் வரவில்லை, நிம்மதி வந்தது. மேலாண்மை படிக்கிற பிள்ளைகளே அப்படியென்றால் நான் எம்மாத்திரம்!

அந்த நிம்மதிதான் என்னுடைய இன்னொரு வியாதி. 2023 நவம்பர் 30-ஆம் தேதி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், இணைய வியாபாரத்தில் செய்யக்கூடாத 13 வகைத் தந்திரங்களைப் பட்டியல் போட்டு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ‘இன்னும் 2 மணி நேரம்தான்’ என்று பொய்யாக அவசரப்படுத்துவது, நாம் கேட்காத பொருளைக் கூடையில் நுழைப்பது, வேண்டாம் என்று சொல்பவரைக் கூச வைப்பது, சந்தாவில் சேர ஒரு கதவும் வெளியேற ஒன்பது கதவும் வைப்பது, எல்லாம் அதில் இருக்கிறது. ஆபீஸ் வேலைக்காக அதை வரிக்கு வரி படித்தேன். சட்டம் நல்ல சட்டம்; தேவையான சட்டம். ஆனால் படிக்கப் படிக்க எனக்குள் ஒரு வழக்கறிஞர் எழுந்து நின்று, “பாருங்கள், என் கட்சிக்காரர் ஏமாற்றப்பட்டவர்” என்று வாதாட ஆரம்பித்துவிட்டார். அன்று ராத்திரியும் ஏதோ ஒன்று வாங்கினேன். தந்திரம் இன்னது என்று பெயரோடு தெரிந்துகொண்டே வாங்கினேன்.

திருந்த முயற்சியே செய்யவில்லை என்று சொல்லமுடியாது. ஜப்பானில் ஹானி மோட்டோகோ என்ற பத்திரிகையாளர் 1904-இல் குடும்பத்துப் பெண்களுக்காக வடிவமைத்த வரவு செலவு நோட்டு முறை ‘ககெய்போ’ என்ற பெயரில் இப்போது உலகமெல்லாம் சுற்றுகிறது. கையால் எழுதுவதுதான் அதன் உயிர் என்று படித்தேன். உடனே தங்க நிறத்தில் பெயர் பொறித்த ஒரு ககெய்போ நோட்டை 449 ரூபாய்க்கு வாங்கினேன். அசல் விலை 999. கணக்கு நோட்டுகளுக்கு நடுவிலேயே உட்கார்ந்து வேலை பார்ப்பவன் நான். புது வருஷத்துக்குக் கட்சிக்காரர்கள் கொடுத்த டைரிகள் என் மேஜைக்கடியில் கட்டுக்கட்டாகக் கிடந்தன. ஆபீஸில் பைசா சுத்தமாக எழுதுகிற கைக்கு அந்த நோட்டில் எழுத வரவில்லை. முதல் பக்கத்தில் எழுதவேண்டிய முதல் செலவே அந்த நோட்டின் விலை. அதை எழுதினால் மற்றதையும் எழுதவேண்டுமே என்று விட்டுவிட்டேன்.

கிரெடிட் கார்டு கணக்கை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும், ஏனென்றால் இதில் அறியாமை என்று தப்பிக்க எனக்கு இடமே கிடையாது. மாதம் 3.5 சதவீதம் வட்டி, அந்த வட்டியின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 60,000 ரூபாய் நிலுவை என்றால் ஒரு மாத வட்டி 2,100, வரி 378, ஆக 2,478. குறைந்தபட்சம் கட்டச் சொல்வது 5 சதவீதம், அதாவது 3,000. அதைக் கட்டினால் கடன் 522 ரூபாய்தான் குறையும். முழுதாகக் கட்டாத மாதத்தில் புதிதாக வாங்குவதற்கு வட்டியில்லாத நாட்களும் கிடையாது. வாங்கிய அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். இதைக் கட்சிக்காரர்களுக்குப் பேப்பரில் போட்டுக் காட்டி, “மினிமம் மட்டும் கட்டாதீங்க சார், அது புதைகுழி” என்று சொல்லியிருக்கிறேன். கடைக் காசில் சொந்தச் செலவு செய்கிற வியாபாரிகளை டிராயிங்ஸ் ஜாஸ்தி என்று அதட்டியிருக்கிறேன். சொல்லிவிட்டு, மதியச் சாப்பாட்டு இடைவேளையில் என் கார்டுக்கு மினிமம் மட்டும் கட்டியிருக்கிறேன்.

இவ்வளவும் என் காசு, என் முட்டாள்தனம் என்று விட்டுவிடலாம். தங்கச்சி விஷயத்தை அப்படி விடமுடியாது.

அவளைத் திண்டுக்கல்லில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளைக்கு நிரந்தர வேலை இல்லை. மூத்தவனைப் பாலிடெக்னிக்கில் சேர்க்கும் சமயம் போன் பண்ணினாள். “அண்ணே, ஒரு பதினஞ்சாயிரம் இருக்குமாண்ணே? தீபாவளிக்குள்ள திருப்பிக் குடுத்துர்றேன்.” எங்கள் பக்கத்தில் தாய்மாமனிடம் இதைக் கேட்க யோசிக்கவே தேவையில்லை. அவள் யோசித்துத்தான் கேட்டாள், குரலிலேயே தெரிந்தது. “மாசக் கடைசி தாயி, கையில சுத்தமா இல்ல” என்றேன். “சரிண்ணே, பரவால்ல, நான் பாத்துக்கிர்றேன்” என்றாள்.

நான் சொன்னது பொய்யில்லை. அதுதான் இதில் கேவலமான பகுதி. கையில் உண்மையிலேயே இல்லை. சம்பளத்தில் பாதியைக் கார்டும் தவணைகளும் தின்றுகொண்டிருந்தன. ஆனால் அந்த வாரக் கடைசியில்தான் டிரில்லிங் மெஷின் வந்தது. மருமகன் ஃபீஸுக்கு இல்லாத காசு, ஆணி அடிக்கக்கூடாத சுவரில் ஓட்டை போட இருந்தது. அவள் வளையலை அடகு வைத்துப் பையனைச் சேர்த்தாள் என்று பின்னால் என் மனைவி சொல்லித்தான் தெரியும். “உங்க தங்கச்சி உங்ககிட்ட கேக்கலையா?” என்று கேட்டாள். “கேக்கலையே” என்றேன். இதுவரை எழுதியதில் சுத்தப் பொய் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் இதைக் காட்டுவேன்.

போகிக்கு வீடு ஒழிக்கும்போது பரண் பிடிபட்டது. ஸ்டூல் போட்டு ஏறியது என் மனைவி. ஒவ்வொன்றாக இறக்கி ஹாலில் வரிசையாக வைத்தாள். அதில் பாதிக்குப் பிளாஸ்டிக் உறை பிரிக்கவில்லை. கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தி எப்படியாவது சமாளித்திருப்பேன். டிரில்லிங் மெஷினைக் கையில் எடுத்து, “இது எதுக்குங்க?” என்று மட்டும் கேட்டாள். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்ட கேள்வி அது. என்னிடம் பதில் இல்லை. “ஆஃபர்ல போட்டிருந்தான்” என்றேன். அந்த வாக்கியத்தை முதன்முறையாக வாய்விட்டுச் சொல்லிக் கேட்டபோது அதன் லட்சணம் எனக்கே தெரிந்தது.

போலீஸிடம் கொடுக்கும் வாக்குமூலம் கோர்ட்டில் சாட்சியமாகாது என்பார்கள். மனைவியிடம் கொடுப்பது எல்லா இடத்திலும் செல்லும். அதனால் அதையும் நான் தவணை முறையில்தான் கொடுத்தேன். முதல் நாள், கார்டில் 30,000 பாக்கி என்றேன். இரண்டு நாள் கழித்து 55,000 என்றேன். ஸ்டேட்மென்ட்டை எடுங்கள் என்று அவள் சொன்னபோது அது 84,000 ஆகியிருந்தது. தங்கச்சி கேட்டதைக் கடைசியாகச் சொன்னேன். அதற்குத்தான் அவள் அழுதாள். கடன் தொகைக்கு அழவில்லை.

கடனை அடைத்தது அவள்தான். பதிவு பெற்ற ஒரு கம்பெனியில் 1 லட்சத்துக்கு ஏலச்சீட்டு கட்டிக்கொண்டிருந்தாள். மகள் படிப்புக்கு என்று வைத்திருந்தது. முதிரும்வரை காத்திருந்தால் நல்ல தொகை வந்திருக்கும். 15,000 தள்ளி எடுத்து என் கார்டை மூடினாள். நான் இத்தனை காலம் சேர்த்த தள்ளுபடி எல்லாவற்றுக்கும் சேர்த்து அவள் ஒரே ஏலத்தில் தள்ளுபடி கொடுத்தாள். டிரில்லிங் மெஷினை எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் 1,200 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார். நியாயமான விலைதான். பேரம் அவர் பேசினார், நான் பேசவில்லை.

இப்போது சம்பளம் விழும் வங்கிக் கணக்கு என் போனில் எந்தச் செயலியோடும் இணைக்கப்படவில்லை. வாரத்துக்கு ஒரு தொகை வேறொரு கணக்குக்கு வரும். அது இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது. ஒவ்வொரு ரூபாய்க்கும் எஸ்.எம்.எஸ். அவள் நம்பருக்குப் போகும். பெரும்பாலும் அவள் ஒன்றும் கேட்பதில்லை. ஒருநாள் வார்டிலிருந்து போன் பண்ணி, “என்னங்க, 349?” என்றாள். அண்ணாச்சி நெய்யைப் பற்றிக் கேட்ட அதே தொனி. அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஐம்பதை நெருங்குகிற ஆம்பளை 349 ரூபாய்க்குக் கணக்குச் சொல்வதா என்று. இத்தனைக்கும் அது வண்டி பஞ்சர் ஒட்டி டியூப் மாற்றிய காசு. ஆனால் இந்த ஏற்பாட்டைத் தவிர வேறு எதுவும் என்னிடம் நின்றதில்லை. மன உறுதியை வளர்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதுகிறவர்கள் எழுதட்டும். எனக்கு மன உறுதி கிடையாது, கூச்சம் இருக்கிறது. இருப்பதை வைத்துத்தான் குடித்தனம் நடத்தவேண்டும். நாளைக்கே அந்தக் கணக்கிலிருந்து அவள் நம்பரை எடுத்துவிட்டால் நான் பழைய ஆளாகிவிடுவேன் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. ஒன்று ஆரம்பித்திருக்கிறோம், ஐந்து வருஷத்துக்கு. ஆன்லைனிலேயே கட்டலாம். நான்தான் வேண்டாமென்று சொல்லி, தெருவில் வசூலுக்கு வரும் ஏஜென்ட் அக்காவிடம் கொடுக்கிறேன். தவறினால் 100 ரூபாய்க்கு மாதம் 1 ரூபாய்தான் அபராதம். அது எனக்குப் பயமில்லை. அந்த அக்கா வாசலில் நின்று, எதிர்வீட்டுக்குக் கேட்கிற மாதிரி, “என்ன சார், இந்த மாசம் இல்லையா?” என்று கேட்பார். அதற்குத்தான் பயம்.

கண்ணில் படும் ஆஃபரை எல்லாம் மேஜைக்கடி டைரி ஒன்றின் பின்பக்கத்தில் எழுதிவைத்துவிட்டு, அடுத்த சம்பளத்துக்கு அப்புறம் பார்க்கலாம் என்று ஒரு பழக்கமும் வந்திருக்கிறது. எடுத்துப் பார்க்கும்போது பாதிக்கு மேல் என்ன சாமான் என்றே புரிவதில்லை. ‘மடக்கு ஏணி’ என்று எழுதியிருக்கிறேன், பக்கத்தில் இரண்டு கோடு வேறு போட்டு. பரணே காலியாக இருக்கிறது, ஏணி எதற்கு?

வளையலை மீட்க வட்டியோடு பணம் கொண்டுபோய்த் தங்கச்சியிடம் கொடுத்தோம். வாங்கிக்கொண்டாள், காபி போட்டாள், பையன் மார்க்கைக் காட்டினாள். என்னிடம் பணமாக எதையும் அவள் அதற்கப்புறம் கேட்டதில்லை. கேட்கமாட்டாள் என்றும் நினைக்கிறேன். கீரைக்காரம்மாவிடம் கேட்ட விலையைக் கொடுக்க ஆரம்பித்துவிட்டேன் என்று எழுதினால் இந்தக் கட்டுரைக்கு அழகாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. நேற்றுகூட 20-ஐ 18 ஆக்கினேன், நாக்கு பழகிவிட்டது.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. கார்டு கணக்கை ஒப்படைத்தபோது, ‘இப்போது வாங்கி அப்புறம் கட்டு’ என்கிற ஒரு செயலிக் கணக்கை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன். தொகை சின்னது, இரண்டு மூன்று மாசத்தில் சத்தமில்லாமல் தீர்த்துவிடலாம் என்று நினைத்தேன். நடுவில் ஒரு ஆஃபர் வந்தது. இன்றைய தேதிக்கு அதில் 3,460 ரூபாய் நிலுவை; அடுத்த தவணை 5-ஆம் தேதி. என் மனைவி இதைப் படிக்கும்போதுதான் தெரிந்துகொள்வாள்.